பழைய கணினிக்குள் நான்கு டெராபைட்

நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, பழைய கணினியில் மாட்டி, திரையில் 1678 ஜிபி என்று பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த 1678 ஒரு கழித்தல் கணக்கின் மீதி. கழித்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டால் டிஸ்கின் மிச்ச இடமும் கைக்கு வந்துவிடும்.

கணக்கு இதுதான். ஹார்ட் டிஸ்க் தன் இடத்தை 512 பைட் கொண்ட கட்டங்களாக எண்ணிக் காட்டுகிறது. பழைய மென்பொருட்கள் பல, இந்தக் கட்டங்களின் எண்ணை 32 பிட்டுக்குள் எழுதிவைக்கின்றன. 32 பிட்டில் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் வரைதான் எண்ண முடியும். அதை 512 ஆல் பெருக்கினால், விண்டோஸ் எண்ணும் முறையில் 2048 ஜிபி வருகிறது. நான்கு டெராபைட் டிஸ்க், அதே முறையில் 3726 ஜிபி. (பெட்டியில் 4000 என்று இருப்பது 3726 ஆவதற்குக் காரணம், உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் எண்ணுவது. இது எல்லா டிஸ்குக்கும் பொது. இதற்காகக் கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம்.) பழைய மோட்டார் சைக்கிளின் மீட்டர் 99999ஐத் தாண்டியதும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குவதைப்போல, 2048ஐத் தாண்டியதும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்குகிறது. 3726இல் 2048 போனால் 1678. மூன்று டெராபைட் வாங்கியவர்கள் 746 ஜிபி பார்ப்பார்கள். அதுவும் இதே கழித்தல்தான்.

முதலில், பழைய கணினியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? "புதிது ஒன்று வாங்கலாமே" என்று சொல்லாதவர்கள் இல்லை. பெரியப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வீடியோ ஸ்டூடியோ நடத்தியவர். கடையை மூடியபோது வீட்டுக்கு வந்தவை இரண்டு: ஒரு அலுமாரி நிறைய மினி டிவி (MiniDV, டிஜிட்டல் வீடியோ) கசெட்டுகள், 2009 அளவில் எடிட்டிங்குக்கென்று கூட்டிய ஒரு கோர் 2 குவாட் கணினி. கசெட்டுகளில் பெரும்பாலானவை 2002க்கும் 2006க்கும் இடைப்பட்டவை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, சித்திரையில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சனம் வந்து குவிந்தது. தள்ளிப்போட்டிருந்த கலியாணவீடுகளும் சாமத்தியவீடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தன. 2006 ஆவணியில் பாதை மறுபடி மூடியது. அலுமாரியின் தட்டுகளைப் பார்த்தாலே அது தெரியும். அந்த ஆவணிக்குப் பிறகு கசெட்டுகள் மெலிந்துவிடுகின்றன. இப்போது அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் போன் எடுத்து, "அம்மம்மா கதைக்கிற துண்டு ஏதாவது இருக்குமா?" என்று கேட்கிறார்கள்.

மினி டிவி கமெராவிலிருந்து படம் தரம் குறையாமல் வெளியே வருவது ஃபயர்வயர் என்ற இணைப்பின் வழியாக. எங்களிடம் உள்ள அட்டை பழைய பிசிஐ துளையில் செருகுவது. இன்று விற்கும் மதர்போர்டுகளில் அந்தத் துளை அநேகமாகக் கிடையாது. பெரியப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "அந்தப் பெட்டியை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதே பிள்ளை. கமெராவோடு கதைக்கிறது இனி அது ஒன்றுதான்."

ஒரு மணி நேரக் கசெட், சுருக்காமல் ஏற்றினால் ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும். நான்கு டெராபைட்டில் முந்நூறு மணி நேரம் போட்டுவைக்கலாம். சுருக்கி எம்பி4 ஆக்கினால் இடம் மிச்சம்தான், பலரும் அதையே செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாட்ஸப்பில் அனுப்பச் சுருக்கியது போதும். வைத்திருக்க வேண்டியது கசெட்டில் உள்ளபடியே இருப்பது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான ஆலோசனை: உங்கள் தேவை இரண்டு டெராபைட்டுக்குள் முடியுமென்றால் இரண்டு டெராபைட் டிஸ்கே வாங்குங்கள். அது விண்டோஸ் கணக்கில் 1863 ஜிபி, 2048 என்ற எல்லைக்குள்ளேயே இருந்துவிடும். கீழே சொல்லப்போகும் தலையிடிகளில் பாதி உங்களுக்கு இல்லை.

டிஸ்க் கொழும்பிலிருந்து வந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிந்தவர் வாங்கி, இரவு பஸ்ஸில் கொடுத்துவிட்டார். கணினியை இங்கே நகரத்துக் கடையொன்றில் கொடுத்தேன். அதன் பவர் சப்ளை ஏற்கெனவே சோர்ந்துபோயிருந்தது. வீட்டில் மாட்டிப் பார்த்தபோது டிஸ்க் சுற்றத் தொடங்கும், வேகம் பிடிக்கும் முன்னே "டக்" என்று ஒரு சத்தத்தோடு அடங்கும், மறுபடி சுற்றும், மறுபடி "டக்". இந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் போய்விட்டது என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று தூக்கத்திலிருந்து எழும்பும்போது 12 வோல்ட் கம்பியில் இரண்டு அம்பியர் அளவுக்கு இழுக்கும். ஓடத் தொடங்கிய பிறகு அதில் சிறு பங்குதான் தேவை. வயதான பவர் சப்ளையால் அந்த முதல் இழுவையைத் தாங்க முடியாமல் வோல்ட் விழுந்துவிடுகிறது. வேறு பவர் சப்ளையில் கொடுத்துப் பார்க்காமல் டிஸ்க் மீது குற்றம் சாட்டக் கூடாது.

கடையில் பவர் சப்ளையை மாற்றி, டிஸ்கையும் மாட்டித் தந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தேன். புதிய பவர் சப்ளையில், டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா முனைகள் போதவில்லை என்று, பழைய நான்கு கம்பி முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சிறு கேபிள் ஒன்றைப் போட்டிருந்தார்கள். இதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தீப்பிடிக்கிற இடம் இதுதான். இந்தக் கேபிளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கம்பிகளை வைத்து அதன்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி முனையை வார்த்திருப்பார்கள். பின்பக்கம் ஒரே கட்டியாக, மூட்டே தெரியாமல் இருக்கும். ஊற்றும்போது உள்ளே கம்பி அசைந்தால் 12 வோல்ட் மஞ்சள் கம்பியின் தகடும் கறுப்புக் கம்பியின் தகடும் மயிரிழை தூரத்தில் வந்து நின்றுவிடும். நாள்பட்ட சூட்டில் அந்த இடைவெளியும் போய்விடும். மற்ற வகையில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே தகட்டில் அழுத்திப் பொருத்தப்பட்டு, பின்னால் கழற்றக்கூடிய மூடி இருக்கும். அதை நம்பலாம். எனக்குப் போட்டிருந்தது வார்த்த வகை. டிவிடி ரைட்டரின் முனையைக் கழற்றி டிஸ்குக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கேபிளைக் குப்பையில் போட்டேன். டிவிடி எழுதுகிற காலம் போய்விட்டது. அந்த ரைட்டர் அங்கே சும்மாதான் இருந்தது.

பெட்டிக்குள் இருந்த தூசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்துச் செம்பாட்டு மண் காற்றில் வந்து, விசிறியின் இறகுகளில் பூசியதுபோல் ஒட்டியிருந்தது. பெரிய டிஸ்குக்குச் சூடு ஆகாது. தூரிகையால் துடைத்து, முன்பக்க விசிறிக்கு நேர் எதிரே உள்ள அறையில் டிஸ்கை வைத்தேன். பங்குனி, சித்திரை வெயிலில்கூட 45 பாகையைத் தாண்டாமல் ஓடுகிறது.

மூடி மின்சாரம் கொடுத்தால் விண்டோஸ் எழும்பாமல் நீலத்திரை. கடைசி வரிசையில் 7பி என்று முடியும் ஓர் எண். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போய்ப் பார்த்தால் திகதி பல வருடம் பின்னால் நின்றது. மதர்போர்டில் காசளவு உள்ள சிஆர்2032 பற்றரி செத்துவிட்டிருந்தது. கடையில் மின்சாரம் கழற்றியதும் பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்து, டிஸ்கோடு பேசும் முறையை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஈக்கு மாற்றிவிட்டது. ஒரு முறையில் நிறுவிய விண்டோஸ் மற்ற முறையில் எழும்பாது. விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்லி யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். ஏஎச்சிஐ என்று திரும்ப மாற்றி, புதுப் பற்றரி ஒன்றைப் போட்டால் சரி. பத்து வருடம் கடந்த எந்தக் கணினியைத் திறந்தாலும் அந்தப் பற்றரியையும் மாற்றிவிடுவது நல்லது. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. மின்சாரம் நின்று நின்று வருகிற இடத்தில் இந்தச் சின்னப் பற்றரிக்கு வேலை அதிகம்.

அடுத்தது, கறுப்புத் திரையில் "பூட் டிவைஸ் இல்லை" என்ற அறிவிப்பு. புதிய டிஸ்க் சேர்ந்ததும் பயாஸ் அதையே முதல் டிஸ்காக எடுத்துக்கொண்டது. பூட் வரிசையில் பழைய டிஸ்கை மேலே கொண்டுவந்ததும் விண்டோஸ் 7 எழும்பியது. விண்டோஸை இந்தப் பெரிய டிஸ்குக்கு மாற்றும் எண்ணமே வேண்டாம். பழைய பயாஸ் உள்ள கணினியில், விண்டோஸ் 7 ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்கிலிருந்து எழும்பாது; எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்தால் 2048க்கு மேலே எட்டாது. சின்ன டிஸ்கில், முடிந்தால் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்கட்டும். பெரியது களஞ்சியமாக மட்டும் இருக்கட்டும்.

இப்போது 1678க்கு வருவோம். கடைத் தம்பி கணினியைத் தரும்போதே சொல்லியிருந்தார்: "அக்கா, பழைய மெஷின், இவ்வளவுதான் எடுக்கும். மிச்சத்தை மறந்துவிடுங்கள்." நல்ல பெடியன், வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் மதர்போர்ட்மீது பழியைப் போட்டது சரியில்லை. 2048 எல்லை இரண்டு இடங்களில் குறுக்கிடலாம். எது என்பதைத் திரையே சொல்லிவிடும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் 2048 ஒரு துண்டாகவும் 1678 பயன்படுத்த முடியாத இன்னொரு துண்டாகவும் தெரிந்தால், விண்டோஸ் முழு டிஸ்கையும் காண்கிறது. எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறைதான் குறுக்கே நிற்கிறது. ஜிபிடிக்கு மாற்றினால் தீர்ந்தது. டிஸ்க் வெறுமையாக இருக்கும்போது அதே திரையில் மாற்றலாம். 1678 மட்டும் தெரிந்து 2048 எங்குமே இல்லையென்றால், ஜிபிடிக்கு மாற்றி ஒன்றும் ஆகாது. அங்கே தவறாக எண்ணுவது அதற்கும் கீழே, விண்டோஸை டிஸ்கோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள். முழுதாக 128 ஜிபி மட்டும் தெரிவது வேறொரு பழைய எல்லை. 28 பிட்டில் எண்ணிய காலத்தது. சர்வீஸ் பேக் எதுவும் போடாத விண்டோஸ் எக்ஸ்பியிலோ 2002க்கு முந்திய பயாஸிலோ அதைப் பார்க்கலாம்.

என்னுடையது இரண்டாவது வகை. பெரியப்பாவின் கணினியில் இன்டெலின் பழைய சேமிப்பக டிரைவர், 2009 அளவில் நிறுவியது, அப்படியே இருந்தது. அந்த டிரைவர் 10.1 பதிப்பிலிருந்துதான் இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கைச் சரியாக எண்ணுகிறது. புதிய பதிப்பைத் தேடிப் போடலாம். நான் அதைவிட எளிய வழியில் போனேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் கன்ட்ரோலரைத் திறந்து, டிரைவரை நானே தெரிவு செய்வதாகச் சொல்லி, பட்டியலில் இருந்த "ஸ்டாண்டர்ட் ஏஎச்சிஐ 1.0 சீரியல் ஏடிஏ கன்ட்ரோலர்" என்பதைக் கொடுத்தேன். விண்டோஸ் 7 தன்னோடு கொண்டுவரும் டிரைவர் அது. மறுபடி இயக்கியதும் 3726.02 ஜிபி என்று முழுதாக வந்து நின்றது. ஆனால் பயாஸில் ரெய்ட் முறை (பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்குவது) போட்டிருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது, கணினி எழும்பாது. அவர்களுக்கு இன்டெலின் புதிய பதிப்புத்தான் வழி.

இதில் ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். வேறு கணினியில் முழு அளவில் பிரித்து, நிறைய எழுதிய டிஸ்கைக் கொண்டுவந்து இப்படிக் குறைத்து எண்ணும் கணினியில் மாட்டாதீர்கள். மீட்டர் திரும்புகிற இடத்தில், டிஸ்கின் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டியது தொடக்கத்தில் விழுந்து ஏற்கெனவே இருப்பதை அழிக்கக்கூடும். முதலில் வெறும் டிஸ்கோடு கணினி சரியாக எண்ணுகிறதா என்று பாருங்கள்.

பயாஸைப் புதுப்பிக்கச் சொல்லியும் சிலர் ஆலோசனை தந்தார்கள். சில பழைய பயாஸ்கள் பெரிய டிஸ்கைக் கண்டதும் உறைந்துவிடும். அப்படி உறைந்தால் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் மதர்போர்ட் போய்விடும். யூபிஎஸ் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் அதைத் தொட எனக்குத் துணிவில்லை.

அடுத்து, ஃபோர்மட். விரைவு முறையை விட்டு முழு ஃபோர்மட் கொடுத்தேன். அது டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதிப் போகும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், உள் தடங்களில் வேகம் குறைவதால் உண்மையில் இன்னும் கூட. இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். பிறந்தவுடனே சாகப்போகிற டிஸ்க் இந்தச் சோதனையில் சாகட்டும், கலியாணவீடுகளை ஏற்றிய பிறகு வேண்டாம் என்பது என் எண்ணம். முடிந்ததும், டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய, பழுதான கட்டங்களை எண்ணும் வரிகளைப் பார்த்தேன். மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும், இருந்தன. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனது. அது டிஸ்கின் பிழையே அல்ல, கேபிளில் தகவல் சிதைவதன் அடையாளம். கொளுக்கி இல்லாத பழைய சிவப்புச் சாட்டா கேபிளை எடுத்துவிட்டு உலோகக் கொளுக்கி உள்ளதைப் போட்டதும் நின்றுவிட்டது.

இரண்டாவது டிஸ்க் கதை வேறு. ஒரே டிஸ்கில் வைப்பது வைக்காததற்குச் சமம் என்பதால் பிரதியொன்று வேண்டியிருந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன், எட்டு டெராபைட் வெளிப்புற டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தான். அங்கே அது மலிவு. இந்தக் கணினியில் யூஎஸ்பி 2 மட்டுமே. நொடிக்கு 30 எம்பி சொச்சம்தான் போகும், நான்கு டெராபைட்டைப் பிரதி எடுக்க ஒன்றரை நாள் பிடிக்கும். ஆகவே கூட்டைப் பிரித்து டிஸ்கை உள்ளே மாட்டினோம். அது அசையவே இல்லை. "டக்" கூட இல்லை.

புதிய சாட்டா விதிப்படி, பவர் முனையின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும். கூட்டுக்குள்ளிருந்து எடுக்கும் பெரிய டிஸ்குகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்கிறது. சாதாரண பவர் சப்ளையோ பழைய விதிப்படி அந்த ஊசிக்கு எப்போதும் 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நான்கு கம்பி முனையில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. எனவே அதிலிருந்து மாற்றும் கேபிளைப் போட்டால், அழுத்திப் பொருத்திய வகையைத்தான், டிஸ்க் எழும்பிவிடும். மூன்றாவது ஊசியை டேப்பால் மறைப்பவர்களும் உண்டு. எங்கள் புழுக்கத்தில் டேப்பின் பசை எத்தனை மாதம் நிற்கும் என்று யோசித்து நான் கேபிளையே தெரிவு செய்தேன்.

கூட்டைப் பிரிக்கும் முன் உள்ளே இருப்பதைக் கட்டாயம் வேறிடத்துக்கு மாற்றுங்கள். சில கூடுகளின் சுற்று 512 பைட் கட்டங்களை 4096 பைட் கட்டங்களாகக் கணினிக்குக் காட்டுகிறது. சிலவற்றில் எல்லாமே மறைகுறியாக்கப்பட்டுத்தான் எழுதப்படுகிறது. கூடு போனதும் டிஸ்க் வெறுமையானதுபோல் தெரியும். சித்தப்பா மகனின் படங்களை முதலே அவனுடைய லாப்டொப்புக்கு ஏற்றிவிட்டதால் வம்பில்லை. பிரித்த டிஸ்குக்கு உத்தரவாதம் கேட்டு இங்கே எந்தக் கடைக்கும் போக முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். பிரதி எடுத்து முடிந்ததும் அது கழற்றப்பட்டு, கொக்குவிலில் மாமி வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

மானிப்பாயில் பெரியப்பாவின் பழைய தொழில் நண்பர் ஒருவர் இதே வேலையை எக்ஸ்பியில் செய்கிறார். அவருடைய ஃபயர்வயர் அட்டையும் மென்பொருளும் அதில்தான் நிம்மதியாக ஓடுகின்றன. 32 பிட் எக்ஸ்பி ஜிபிடி டிஸ்கைத் திறக்கவே திறக்காது, உள்ளே மாட்டினால் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று மட்டும் காட்டி நின்றுவிடும். அவருக்குச் சொன்ன வழி: பெரிய டிஸ்கை விண்டோஸ் 7 உள்ள இன்னொரு கணினியில் மாட்டி, ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து, இரண்டையும் ரவுட்டரில் கேபிளால் இணைப்பது. வலையமைப்பின் வழியே வரும்போது டிஸ்கின் அளவைப் பற்றி எக்ஸ்பிக்கு அக்கறை இல்லை. 100 எம்பிட் கேபிள் நொடிக்கு 11 எம்பி வரை கொண்டுபோகும், மினி டிவிக்கு வேண்டியது 3.6 எம்பிதான், ஆனாலும் கசெட் ஓடும்போது நேரே அங்கே எழுதச் சொல்லவில்லை, வலையமைப்பு ஒரு கணம் தடங்கினாலும் காட்சி விழுந்துவிடும். பகலில் எக்ஸ்பியின் சின்ன டிஸ்கில் ஏற்றி, இரவில் பெரிய டிஸ்குக்கு நகர்த்துகிறார்.